அம்மாவோடு பல்கலைக்கழகம் பார்க்கப் போனது

எனக்கு மூன்று பல்கலைக்கழகங்களில் இடம் கிடைத்த வாரம் எங்கள் வீட்டில் யாருக்கும் நிம்மதி இல்லை. ஒன்றிலும் கிடைக்காமல் போயிருந்தால் ஒரு பாட்டம் அழுதுவிட்டு வேறு வேலையைப் பார்த்திருப்பேன். மூன்றிலும் கிடைத்ததுதான் வினை.

நான் படிக்க விரும்பியது நிலவியல். கல், மண், பாறை, பூமிக்கு அடியில் கிடக்கும் அடுக்குகள். சின்ன வயதிலிருந்தே எனக்குக் கல் பைத்தியம். பள்ளிக்கூடத்தில் என் பெயரே 'கல்லு'தான். என் கால்சட்டைப் பைகளைத் தடவிப் பார்க்காமல் அம்மா எதையும் வாஷிங் மெஷினில் போடமாட்டாள். ஒரே ஒருமுறை மறந்து போட்டு, அதன் கண்ணாடிக் கதவில் நீளமாகக் கீறல் விழுந்தது. "மத்த பொண்ணுங்க பையில மிட்டாய்க் காகிதம் இருக்கும், லிப்ஸ்டிக் இருக்கும். எம்பொண்ணு பையில மலை இருக்கும்" என்று கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பாள்.

கடை என்றால் பார்லர். எங்கள் வீட்டின் கீழ்த்தளத்தில், மருந்துக்கடைக்கும் சாவி செய்பவர் கடைக்கும் நடுவில். இரண்டு நாற்காலி, தலை கழுவ ஒரு தொட்டி, சுவர் முழுக்கக் கண்ணாடி. தெருவுக்கே அவள் பார்லர் அக்கா. அப்பா நெடுந்தூர லாரி ஓட்டுகிறார். மாதத்தில் பாதி ரோட்டில் இருப்பார். மீதியில் பாதி தூக்கத்தில் இருப்பார். ஆக, வீட்டில் பெரும்பாலும் நானும் அம்மாவும்தான். கடையைப் பூட்டிவிட்டு மேலே வந்ததும் அவள் சோபாவில் காலை நீட்டி உட்காருவாள். நாள் முழுக்க நின்ற கால். நான் அதை மடியில் எடுத்து வைத்து அமுக்கிவிட்டுக்கொண்டே பள்ளிக்கூடத்துக் கதையைச் சொல்வேன். அவள் வாடிக்கையாளர்களின் கதையைச் சொல்வாள். யார் வீட்டில் யார் யாரோடு பேசுவதில்லை என்பது எனக்குப் பாடத்தைவிட நன்றாகத் தெரியும்.

கிடைத்த மூன்று இடமும் மூன்று விதம். ஒன்று, பெரிய நகரத்தில் இருந்த, எல்லாருக்கும் பெயர் தெரிந்த பல்கலைக்கழகம். இன்னொன்று, மலையடிவாரத்தில். பெயரைச் சொன்னால் "அது எங்க இருக்கு?" என்று கேட்பார்கள். மூன்றாவது எங்கள் ஊரிலேயே, பார்லர் வாசலில் பஸ் ஏறினால் பல்கலைக்கழக வாசலிலேயே இறக்கிவிடும்.

செய்தி கேட்டு முதலில் ஓடி வந்தவர் மாமா. அம்மாவின் அண்ணன். இன்சூரன்ஸ் ஏஜென்ட். எதிர்காலத்தைப் பற்றிப் பேசிப் பேசியே நிகழ்காலத்தை ஓட்டுகிறவர்.

"இதுல யோசிக்க என்ன இருக்கு?" என்றார், செருப்பைக்கூடக் கழற்றாமல். "பெரிய யுனிவர்சிட்டிதான். பேரைச் சொன்னாலே எழுந்து நின்னு நாற்காலி போடுவாங்க."

"அவ படிக்கப் போறாளா, உட்காரப் போறாளா?" என்றாள் அம்மா.

"உனக்கு விளையாட்டா இருக்கு. நாளைக்கு வேலைன்னு போய் நிக்கும்போது எந்த யுனிவர்சிட்டின்னுதான் கேப்பான். மலையில படிச்சேன்னு சொன்னா, ஆடு மேய்க்கப் படிச்சியான்னு கேப்பான்."

எனக்குள் முடிவு எப்போதோ ஆகிவிட்டது. உள்ளூரிலேயே சேர்ந்துவிடுவது. காரணம், எதிரே டீ ஆற்றிக்கொண்டிருந்த அம்மா. நானும் போய்விட்டால் கடையைப் பூட்டிவிட்டு யாரிடம் வந்து கதை சொல்வாள்? சுவரிடமா? ஆனால் இதைச் சொன்னால் அடிக்க வருவாள் என்று தெரியும். அதனால், ஊர்ப் பல்கலைக்கழகம்தான் எனக்குப் பிடித்திருக்கிறது என்று மெல்ல மெல்ல எல்லாரையும் நம்ப வைத்துவிடலாம் என்பது என் திட்டம்.

அம்மாவுக்கு வேறு திட்டம் இருந்தது. "செருப்பு வாங்கறதுன்னாலே காலை விட்டு நாலு அடி நடந்து பார்த்துத்தான் வாங்கறோம். மூணு வருஷம் இருக்கப்போற இடத்தைப் பார்க்காம எப்படி முடிவு பண்றது? மூணையும் நேர்ல பார்ப்போம். செவ்வாய்க்கிழமை கடை லீவுதான."

அன்று இரவுச் சாப்பாட்டு நேரத்தில் போனில் வந்த அப்பாவும் ஒப்புக்கொண்டார். "போய்ப் பார்த்துட்டு வாங்க. எந்த ஊர்ல டீ நல்லா இருக்குன்னு எனக்கு மட்டும் தனியா சொல்லுங்க."

முதலில் போனது பெரிய பல்கலைக்கழகத்துக்கு. வாசலில் வானத்தைத் தொடுகிற மாதிரி ஒரு கல் வளைவு. அதன் அடியில் நுழையும்போது எனக்கு முதுகு தானாக நிமிர்ந்தது என்பதைச் சொல்லத்தான் வேண்டும். மாமா சொன்னதில் பொய் இல்லை. அந்த வளைவின் கீழே நின்று போட்டோ எடுத்துக்கொள்ள வரிசையே இருந்தது. அம்மா என்னையும் நிறுத்தி எடுத்தாள். அதில் என் தலைமுடி கலைந்திருந்தது என்று சொல்லி இன்னொன்று எடுத்தாள்.

சுற்றிக் காட்ட ஒரு மாணவன் வந்தான். கழுத்தில் அடையாள அட்டை, முகத்தில் மாறாத சிரிப்பு. எங்கள் கூட்டத்தைப் பார்த்துப் பேசிக்கொண்டே பின்பக்கமாக நடந்தான்.

"தம்பி, முன்னாடி பார்த்து நடப்பா. விழுந்து வெச்சா உங்க அம்மாவுக்கு யார் பதில் சொல்றது?" என்றாள் அம்மா. கூட்டம் சிரித்தது. நான் பக்கத்திலிருந்த தூணின் வேலைப்பாட்டை ரசிக்கத் தொடங்கினேன்.

நூலகத்தைக் காட்டினான், நீச்சல் குளத்தைக் காட்டினான், எத்தனை நாடுகளிலிருந்து பிள்ளைகள் வருகிறார்கள் என்று சொன்னான். "யாருக்காவது கேள்வி இருக்கா?" என்றதும் அம்மாவின் கைதான் முதலில் மேலே போனது.

"பிள்ளைங்களுக்கு மனசு சரியில்லாம அழுகை வந்தா யார்கிட்ட போவாங்க?"

அவன் சிரிப்பு மாறாமல், "அதுக்குத் தனி டிபார்ட்மென்ட்டே இருக்கு ஆன்ட்டி. ஆன்லைன்ல அப்பாயின்ட்மென்ட் எடுக்கணும்" என்றான்.

"அழறதுக்கு அப்பாயின்ட்மென்ட்டா?"

"ரெண்டு வாரத்துக்குள்ள கிடைச்சிடும் ஆன்ட்டி."

"அதுக்குள்ள அழுகையே நின்னுடுமேப்பா" என்றாள் அம்மா, உண்மையான கவலையோடு.

நிலவியல் துறை தனிக் கட்டடம். கீழே ஓர் அருங்காட்சியகம். நான் புத்தகத்தில் மட்டும் பார்த்திருந்த கற்கள், விளக்கு வெளிச்சத்தில், கண்ணாடிப் பெட்டிக்குள். விண்கல் ஒன்று நாற்காலி அளவுக்கு இருந்தது. என்னையறியாமல் கண்ணாடி மேல் கையை வைத்தேன். தொடக்கூடாது என்று காவலர் வந்து சொன்னார். கல்லை அல்ல, கண்ணாடியைத்தான். அங்கிருந்த துறை அலுவலரிடம், முதல் வருட மாணவர்களை வெளியே பாறை பார்க்க எப்போது கூட்டிப்போவார்கள் என்று கேட்டேன். "மூணாவது வருஷம். அதுவரைக்கும் தியரி, அப்புறம் சாஃப்ட்வேர். இப்பல்லாம் எல்லாமே கம்ப்யூட்டர்லயே பார்த்துடலாம்மா" என்றார். நல்ல மனிதர்தான். எனக்குத்தான் உள்ளே ஏதோ சப்பென்று ஆனது.

திரும்பும் வழியில் அம்மா தன் தீர்ப்பைச் சொன்னாள். "அங்க படிக்கற பொண்ணுங்க தலையைக் கவனிச்சியா? முடியெல்லாம் நார் மாதிரி காஞ்சு போய்க் கிடக்கு. ஒருத்தியும் ஒழுங்காத் தூங்கறதில்ல."

"அந்த ஊர் தண்ணி உப்பும்மா. அதனாலதான்."

"அப்படியும் இருக்கலாம்" என்று உடனே தீர்ப்பை மாற்றிக்கொண்டாள். "அப்போ ஷாம்பு நல்லதா வாங்கித் தரணும்."

அடுத்த செவ்வாய்க்கிழமை மலைப் பல்கலைக்கழகம். விடியும் முன்னே பஸ் ஏறினோம். வளைவு வளைவாகப் பாதை. அம்மா ஓர் எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டே, "உங்கப்பா எப்படித்தான் இந்த ரோட்ல லாரி ஓட்டறாரோ, அவரைத் திட்டினதையெல்லாம் வாபஸ் வாங்கிக்கறேன்" என்று கண்ணை மூடிக்கொண்டாள்.

இறங்கினால், வளைவும் இல்லை, வரவேற்பும் இல்லை. நிலவியல் துறை ஒரு பழைய நூல் மில்லில் இருந்தது. கூரையில் ஒழுக்கு. நடைபாதையில் அங்கங்கே வாளி வைத்திருந்தார்கள். ஆனால் எங்கே திரும்பினாலும் கல். படிக்கட்டில் கல், ஜன்னல் திட்டில் கல். கதவுகள் சாத்திக்கொள்ளாமல் இருக்க முட்டுக்கொடுத்திருந்ததும் கல். அதில் ஒன்றைக் குனிந்து பார்த்தால், உள்ளே ஒரு சிப்பியின் தடம். வேறு எங்காவது இருந்தால் அதைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருப்பார்கள்.

அந்த நேரத்தில் வெளியிலிருந்து ஒரு கூட்டம் மாணவர்கள் திபுதிபுவென்று உள்ளே வந்தார்கள். எல்லாருக்கும் முழங்கால் வரை சேறு. நடுவில் அதே சேற்றோடு ஒரு பெண்மணி. அவர்தான் பேராசிரியை என்று அவர்கள் கூப்பிட்ட விதத்தில் தெரிந்தது. அவர்கள் ஏதோ ஒரு பாறையைப் பற்றி வாசலிலிருந்தே சண்டை போட்டுக்கொண்டு வந்தார்கள். பேராசிரியையும் ஒரு கட்சியில் இருந்தார், அதுவும் தோற்கிற கட்சியில்.

என்னைப் பார்த்ததும், "புதுசா? சேரப் போறியா, பார்க்க வந்தியா?" என்றார்.

"பார்க்க வந்தேன் மேடம்."

"அப்போ பாரு" என்று கையிலிருந்த கல்லை என்னிடம் நீட்டினார். வெளிறிய, சொரசொரப்பான கல். "என்னன்னு நினைக்கிற?"

கல்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். "சுண்ணாம்புக்கல்லா?" என்றேன்.

ஒரு மாணவி சின்ன பாட்டிலிலிருந்து அமிலத்தை ஒரு சொட்டு அதன்மேல் விட்டாள். எல்லாரும் குனிந்து பார்த்தார்கள். ஒன்றும் நடக்கவில்லை.

"சுண்ணாம்புக்கல்னா நுரைக்கும். இது நுரைக்கல. தப்பு" என்றார் பேராசிரியை. "சரி, ஏன் சுண்ணாம்புக்கல்னு நினைச்ச?"

அதுவரை தப்பாகச் சொன்ன பதிலுக்கு என்னிடம் யாரும் காரணம் கேட்டதில்லை. நிறத்தைச் சொன்னேன். வரும் வழியில் பஸ்ஸிலிருந்து பார்த்த குவாரியில் வெள்ளையாக அடுக்குகள் தெரிந்ததைச் சொன்னேன். அதே பாறை இங்கேயும் தொடரும் என்று நினைத்ததைச் சொன்னேன்.

"நல்ல தப்பு!" என்றார் அவர், முகமெல்லாம் மலர்ந்து. "ஓடற பஸ்ல இருந்து பார்த்தியா? டேய், கேட்டீங்களா? நீங்க எல்லாம் பஸ்ல ஏறினா போன்தான் பார்க்கறீங்க. இங்க பாரும்மா, இது குவார்ட்சைட். ஒரு காலத்துல கடற்கரை மணல். மேல இருந்து அமுங்கி, சூட்டுல வெந்து இப்படி ஆயிடுச்சு. வா, இது எங்க கிடைச்சதுன்னு காட்டறேன். ஷூ நனைஞ்சா பரவாயில்லையா?"

ஷூ நனைந்தது. கட்டடத்துக்குப் பின்னால் ஓர் ஓடை மண்ணை அறுத்துக்கொண்டு போன இடத்தில் அடுக்குகள் வரிசையாகத் தெரிந்தன. யாரோ என் கையில் சுத்தியைக் கொடுத்தார்கள். யாரோ எனக்குப் பாதி பிஸ்கட் கொடுத்தார்கள். நான் கேள்வி கேட்டேன், அவர்கள் பதில் சொன்னார்கள். அவர்களுக்குள்ளேயே பதில் ஒத்துப்போகாமல் மறுபடி சண்டை. என் வாழ்க்கையில் முதல்முறையாக, கல்லைப் பற்றிப் பேசும்போது எதிரில் இருப்பவர் எப்போது அலுத்துக்கொள்வார் என்று பயப்படாமல் பேசினேன்.

அம்மாவை நான் சுத்தமாக மறந்துபோனேன். நினைவு வந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. பதறிப்போய்த் தேடினால், அவள் பெண்கள் விடுதியின் பொது அறையில் இருந்தாள். ஒரு மாணவியை நாற்காலியில் உட்காரவைத்து, கழுத்தைச் சுற்றித் துண்டைப் போட்டு, முன்முடியை வெட்டிக்கொண்டிருந்தாள். கத்தரிக்கோல் இல்லாமல் அம்மாவின் கைப்பை வெளியே போகாது. பின்னால் இன்னும் நாலைந்து பேர் காத்திருந்தார்கள். விடுதிக் காப்பாளரும் அந்த வரிசையில் இருந்தார்.

"வா கண்ணு, இன்னும் ரெண்டு தலைதான்" என்றாள். "இந்தப் பொண்ணுங்க தன் முடியைத் தானே வெட்டிக்குதுங்களாம். எலி கடிச்ச மாதிரி இருக்கு."

"உங்க அம்மா செம்ம ஜாலிப்பா" என்றாள் நாற்காலியில் இருந்தவள் என்னிடம், ஏதோ நானும் அங்கேயே இருப்பவள் மாதிரி.

பஸ்ஸில் அம்மா கேட்டாள். "எப்படி இருந்துச்சு?"

"பரவாயில்ல" என்றேன், ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு. "கூரையெல்லாம் ஒழுகுது. ரொம்ப தூரம் வேற."

அம்மா என் கையைப் பார்த்தாள். நகத்திலெல்லாம் சேறு. "ம்" என்றாள். அவ்வளவுதான். அம்மா ஒற்றை எழுத்தில் பதில் சொன்னால் அதற்குள் ஒரு பெரிய பேச்சு அடங்கியிருக்கிறது என்று அர்த்தம்.

மூன்றாவது செவ்வாய்க்கிழமை எங்கள் ஊர்ப் பல்கலைக்கழகம். வாசலிலேயே நான் நடிக்கத் தொடங்கிவிட்டேன். மரத்தைப் பார்த்து ஆகா என்றேன், கேன்டீனைப் பார்த்து ஓகோ என்றேன். பார்வையாளர்கள் வரும் நாள் என்பதால் ஒவ்வொரு துறையிலும் மாதிரி வகுப்பு நடந்தது. நிலவியல், கட்டடப் பொறியியல் துறைக்குள் இரண்டு அறைகளில் இருந்தது. அங்கிருந்த ஆசிரியர் பொறுமையாக, அன்பாக, ஒரு மணி நேரம் எல்லாவற்றையும் விளக்கினார். அஸ்திவாரம் போட மண்ணைச் சோதிப்பது எப்படி, அணை கட்டும் இடத்தில் என்ன பார்க்க வேண்டும். குறை சொல்ல ஒன்றுமே இல்லை. இங்கே நன்றாகப் படிக்கலாம், நல்ல வேலைக்கும் போகலாம். நடுவில் ஒருமுறை மட்டும், அந்த ஓடைக்கரையில் இப்போது யார் எந்தக் கட்சியில் சண்டை போடுகிறார்களோ என்று நினைத்துக்கொண்டேன்.

வெளியே வந்தால், பெஞ்சில் உட்கார்ந்திருப்பதாகச் சொன்ன அம்மாவைக் காணோம். மாடியில், வேதியியல் ஆய்வகத்தில், அவள் குரல் கேட்டது.

முதல் வரிசையில் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தாள். மேசையில் முழங்கையை ஊன்றி, ஒரு கண்ணாடிக் குவளையை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதற்குள் ஒரு காகிதப் பட்டை தொங்கியது. அதன் அடியில் கறுப்பு மையால் ஒரு புள்ளி. குவளையின் அடியிலிருந்த தண்ணீர் காகிதத்தில் மேலே ஏற ஏற, அந்தக் கறுப்பு மெல்லப் பிரிந்து நீலம், ஊதா, மஞ்சள் என்று தனித்தனியாகக் கரை கட்டியது.

"அப்போ கறுப்புங்கறது கறுப்பே இல்லையா?" என்று கேட்டாள் அம்மா. அப்படி ஒரு குரலை நான் அவளிடம் கேட்டதில்லை.

வகுப்பெடுத்த இளம் ஆசிரியர் சிரித்தார். "இந்த மையில இல்லைங்க. பல நிறம் கலந்து நம்ம கண்ணுக்குக் கறுப்பாத் தெரியுது."

"நான் தலைக்குச் சாயம் கலக்கறவ. அதே பாக்கெட், அதே அளவு. ஒருத்தருக்குப் பழுப்பா வருது, இன்னொருத்தருக்குப் பச்சை அடிக்குது. இதுவரைக்கும் ஏன்னு தெரியாமத்தான் கலக்கறேன். அதுக்குள்ளயும் இப்படித்தான் ஒளிஞ்சுக்கிட்டு இருக்குமா?"

"இருக்கலாம். பார்த்தாத்தான் தெரியும்" என்றார் அவர்.

"எப்படிப் பார்க்கறது?"

அவர் சொன்னார். அதிலிருந்து இன்னொரு கேள்வி. அதற்குப் பதில் சொன்னால் அதிலிருந்து இன்னொன்று. பிள்ளைகள் எழுந்து போய்விட்டார்கள். நான் கதவோரம் நின்றேன். முதலில் எனக்குப் பழைய கூச்சம்தான் வந்தது. அப்புறம் அவள் முகத்தைப் பார்த்தேன். ஓடைக்கரையில் என் முகம் எப்படி இருந்திருக்கும் என்று எனக்குத் தெரியாது. இப்படித்தான் இருந்திருக்கும் என்று தோன்றியது.

கடைசியில் அந்த ஆசிரியர், "வேலைக்குப் போறவங்களுக்குச் சாயங்கால வகுப்பு இருக்குங்க. பள்ளிப்படிப்பு விட்டுப்போயிருந்தாலும் முதல்ல ஒரு ஆரம்ப வகுப்பு எடுத்துட்டு வரலாம்" என்றார்.

அம்மா திடுக்கிட்டு எழுந்தாள். "ஐயோ, நான் பொண்ணு கூட வந்தவங்க" என்று சொல்லிக் கைப்பையை எடுத்துக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்து, கால் நீட்டி உட்கார்ந்து, நான் அமுக்கிவிடும்வரை அவள் அந்தக் காகிதத்தைப் பற்றித்தான் பேசினாள். பிறகு சட்டென்று காலை இழுத்துக்கொண்டாள்.

"சரி, சொல்லு. எது?"

"இங்கயேதான்மா. பக்கம். நல்லாவும் இருக்கு."

"பொய்."

"என்ன பொய்?"

"மலையில உன்னை நான் ஜன்னல் வழியாப் பார்த்தேன்டி. முழங்கால் வரைக்கும் சேத்துல நின்னுக்கிட்டுக் கையை ஆட்டி ஆட்டிப் பேசிக்கிட்டு இருந்த. இந்த வீட்ல நீ அப்படிப் பேசி நான் பார்த்ததே இல்ல. இன்னிக்கு அங்க போய் மரத்தைப் பார்த்து ஆகாங்கற. மரம் நம்ம தெருவுலயும்தான் இருக்கு."

எனக்குக் கண் கலங்கியது. "நீ தனியா என்ன பண்ணுவ? அப்பாவும் ரோட்டுல. உன் காலை யார் பிடிச்சு விடுவா?"

"என் காலுக்காகவா ஒருத்தி காலேஜ் சேருவா?" அம்மாவின் குரல் உயர்ந்தது. "நாளைக்கு உனக்கு ஏதாவது பிடிக்கலைன்னா, 'அம்மாவுக்காகத்தான் இங்க சேர்ந்தேன்'னு உன் மனசு சொல்லும். வாய் சொல்லாது, நீ நல்ல பொண்ணு. மனசு சொல்லும். அதை என்னால சுமக்க முடியாது கண்ணு. உனக்கு நான் அம்மாவா இருக்கேன், காரணமா இருக்க மாட்டேன்."

"அப்போ நீ மட்டும்? அந்த சார் சாயங்கால வகுப்புன்னு சொன்னதும் ஏன் ஓடி வந்த? பொண்ணு கூட வந்தேன்னு என்னைக் காரணம் காட்டின இல்ல?"

இது அவள் எதிர்பாராத அடி. "அது வேற, இது வேற. ஏழு கழுதை வயசுல எனக்கு எதுக்குப் படிப்பு?"

சரியாக அந்த நேரத்தில் அப்பா போன் செய்தார். ஸ்பீக்கரில் போட்டதும் இருவரும் ஒரே மூச்சில் அவரிடம் முறையிட்டோம்.

"இருங்க, இருங்க" என்றார் அப்பா. பின்னணியில் லாரிகளின் உறுமல். "ரெண்டு பேரும் ஒரே நேரத்துல ஹாரன் அடிச்சா நான் யாருக்கு வழி விடறது? பாப்பா, நீ முதல்ல சொல்லு. மலை பிடிச்சிருக்கா?"

"பிடிச்சிருக்குப்பா" என்றேன். சொன்னதும் அழுகை வந்துவிட்டது. அதுவரை நான் அதை வாய்விட்டு யாரிடமும் சொல்லியிருக்கவில்லை.

"அப்புறம் என்ன? போ. அந்த மலை ரோட்டை எனக்குக் கட்டோடு பிடிக்காது. இனிமே பிடிச்சுக்கறேன். அங்க டீ எப்படி?"

"கேவலமா இருக்கு" என்றாள் அம்மா, மூக்கை உறிஞ்சிக்கொண்டே. நாங்கள் மூவரும் சிரித்தோம்.

மாமா ஒரு வாரம் பேசவில்லை. அப்புறம் ஒருநாள் வந்து, "பாறை விழுந்தா இன்சூரன்ஸ் உண்டான்னு கேட்டு வெச்சிருக்கேன்" என்று சொல்லி, நல்ல கனமான ஒரு ஜோடி பூட்ஸ் வாங்கிக் கொடுத்துவிட்டுப் போனார்.

மலை எனக்கு உடனே பொருந்திவிட்டது என்று சொன்னால் அது கதை. முதல் மாதம் நான் அழாத நாள் குறைவு. மழை பெய்தால் என் கட்டிலின் தலைமாட்டில் சரியாக ஒழுகியது. கணிதத்துக்கு வந்தவர் பலகையைப் பார்த்தே பேசிப் பலகையைப் பார்த்தே விடைபெறுகிறவர். முதல் தேர்வில் நான் தேறவில்லை. அம்மாவிடம் அதைச் சொல்லவில்லை. ஆனால் வாரத்தில் இரண்டு நாள் சேற்றில் இறங்கும்போது எல்லாம் சரியாகிவிடும். அழுகை வந்தால் பக்கத்து அறைக் கதவைத் தட்டலாம். அம்மாவிடம் முடி வெட்டிக்கொண்டவள்தான் அங்கே இருந்தாள்.

பரீட்சை முடிந்த ஒரு திங்கட்கிழமைச் சாயங்காலம் அம்மாவுக்குப் போன் போட்டேன். எடுக்கவில்லை. வியாழக்கிழமையும் அதே நேரத்துக்கு எடுக்கவில்லை. மறுநாள் கேட்டால், "வேலைடி" என்றாள். அடுத்த திங்களும் அப்படியே. மனசு கேட்காமல் மருந்துக்கடைக்காரருக்குப் போன் செய்தேன்.

"பார்லரா? சாயங்காலமே பூட்டிட்டாங்களேம்மா. கொஞ்ச நாளாவே வாரத்துல ரெண்டு நாள் சீக்கிரம் கிளம்பிடறாங்க. எங்கன்னு கேட்டா சிரிக்கறாங்க."

உடம்புக்கு ஏதாவதா? ஆஸ்பத்திரிக்குப் போகிறாளா? அப்பாவைக் கூப்பிட்டால், "எனக்கு எதுவும் தெரியாது பாப்பா, நான் வண்டி ஓட்டறேன்" என்று அவசரமாக வைத்துவிட்டார். நான் பையில் துணியை அடைக்கத் தொடங்கினேன். காலையில் முதல் பஸ்ஸைப் பிடித்துவிடுவது என்று முடிவு செய்திருந்தபோது போன் அடித்தது. அம்மா. மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள்.

"இத்தனை தடவை கூப்பிட்டிருக்க! என்னடி ஆச்சு?"

"உனக்கு என்னம்மா ஆச்சு? எங்க இருக்க?"

"கிளாஸ்ல இருந்தேன். போனை சைலன்ட்ல போடணுமாம். ஆரம்ப வகுப்பு எடுக்கற அந்தம்மா ரொம்ப ஸ்ட்ரிக்ட்டு."

எனக்குப் புரியச் சற்று நேரம் ஆனது. புரிந்ததும் கட்டிலில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

"எங்கிட்ட ஏன் சொல்லல?" என்று கத்தினேன். கோபமா, அழுகையா என்று எனக்கே தெரியவில்லை.

"முதல் டெஸ்ட்ல பாஸ் பண்ணிட்டுச் சொல்லலாம்னு இருந்தேன்."

"பண்ணிட்டியா?"

"ஃபெயிலு" என்றாள் அம்மா. "மோல், மோல்ங்கறாங்க. இங்கிலீஷ்ல மச்சத்துக்கும் மோல்னுதான பேரு? நான் முகத்துல இருக்கற மச்சம்னு நினைச்சு பக்கம் பக்கமா எழுதி வெச்சுட்டேன்."

நான் சிரித்த சிரிப்பில் பக்கத்து அறைக்காரி எட்டிப் பார்த்தாள். சிரித்து முடித்ததும், "நானும் ஃபெயிலும்மா. கணக்குல" என்றேன்.

"அப்படியா?" என்றாள். கவலை இருந்தது. கூடவே, மறைக்கத் தெரியாத ஒரு நிம்மதியும் இருந்தது. "நீயுமா?"

"நானும்தான்."

"அழுதியா?"

"அழுதேன். நீ?"

"பாத்ரூம்ல போய். உங்கப்பாகிட்ட சொன்னேன், அவர் லைசென்ஸ் எடுக்க எத்தனை தடவை ஃபெயில் ஆனார்னு கதை விட்டார். நம்ம வீட்ல யாருக்குமே ஒரே தடவையில எதுவும் வராதாம்."

மோல் என்றால் என்ன என்று நான் சொல்லிக்கொடுத்தேன். டஜன் என்றால் பன்னிரண்டு முட்டை என்கிற மாதிரி அது ஒரு எண்ணிக்கை, ஆனால் கற்பனைக்கு எட்டாத பெரிய எண்ணிக்கை என்று சொன்னேன். அவள் "ஓ" என்று நீட்டினாள். ஐந்து நிமிடத்தில் அதையே எனக்குத் திருப்பிச் சொல்லிக் காட்டினாள், வழியில் ஒரு தப்போடு. ஏன் அப்படி நினைத்தாய் என்று கேட்டேன். யோசித்துச் சொன்னாள். நியாயமான தப்புதான்.

பிறகு கணக்கு வாத்தியாரைப் பற்றி நான் சொன்னேன். அவளுடைய வகுப்பில் இருக்கும் தீயணைப்பு வீரரைப் பற்றியும், தூங்கி வழியும் நர்ஸைப் பற்றியும் அவள் சொன்னாள். எனக்கு இன்னும் நிறையப் பேச வேண்டும் போல இருந்தது.

"சரி கண்ணு, வச்சிடட்டுமா?" என்றாள் அம்மா. "வியாழக்கிழமை மறுபடி டெஸ்ட் இருக்கு. இன்னும் ரெண்டு பாடம் பார்க்கணும். நீயும் போய்க் கணக்கைப் பாரு."

நான் பதில் சொல்வதற்குள் வைத்துவிட்டாள்.